கவுண்டியில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்பது எப்படி

அமெரிக்காவில் சொந்த வீட்டின் பின்புறம் டெக் அமைக்கவும், பேஸ்மென்ட்டை அறைகளாகப் பிரித்துக் குடியிருக்கத் தக்கதாக மாற்றவும், வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டவும் உள்ளாட்சியின் கட்டட அனுமதி, அதாவது பெர்மிட், அநேகமாக எல்லா இடங்களிலும் தேவைப்படுகிறது. பெர்மிட் தாமதமாகிறது என்றால் பழி பொதுவாக அலுவலகத்தின் மீதுதான் விழும். ஆனால் திரும்பி வரும் விண்ணப்பங்களைப் பார்த்தால், கட்டடத்தின் உறுதியைப் பற்றிய கேள்விகளுக்கு முன்பே நிலத்தைப் பற்றிய கேள்விகள் குறுக்கே நிற்பது தெரியும். ஆகவே பிளான் வரையத் தொடங்கும் முன், மனை எந்த உள்ளாட்சிக்கு உட்பட்டது, அதில் எந்த இடத்தில் எவ்வளவு தூரம் வரை கட்டலாம் என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்வரும் விளக்கமும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில், அதிகாரம் யாருடையது?

மாநிலத்துக்குக் கீழே மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டிகள் நாட்டில் 3,000-க்கும் மேல் இருந்தாலும் எல்லாக் கவுண்டிகளும் பெர்மிட் தருவதில்லை. பொது நடைமுறையாகச் சொன்னால், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு நகராட்சியும், எந்த நகராட்சியிலும் சேராத பகுதியில் இருக்கும் வீட்டுக்குக் கவுண்டியும் பெர்மிட் வழங்குகின்றன. விதிவிலக்குகளும் ஏராளம். கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் கவுண்டி அரசாங்கமே கிடையாது. நியூ ஜெர்சியில் டவுன்ஷிப் போன்ற உள்ளூர் நகராட்சியின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வட கரோலினாவில் ஷார்லட் நகருக்குள் இருக்கும் வீட்டுக்குக்கூடக் கட்டட விதிகளைக் கவனிப்பது மெக்லன்பர்க் கவுண்டி. டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே உள்ள பல கவுண்டிகளில் முழுமையான கட்டட பெர்மிட் என்ற ஒன்று இல்லாமல், செப்டிக் அமைப்புக்கும் வெள்ளப் பகுதிக்கும் மட்டும் கவுண்டியின் அனுமதி கேட்கப்படுகிறது.

தபால் முகவரியை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. முகவரியில் வரும் ஊர்ப்பெயர் தபால் நிலையத்தின் வசதிக்கானது. வர்ஜீனியாவின் ஆஷ்பர்னில் நம்மவர்கள் ஏராளமாக வசிக்கிறார்கள். ஆஷ்பர்ன் நகராட்சியே அல்ல, அங்கே எல்லாம் லௌடன் கவுண்டிதான். ஜார்ஜியாவில் முகவரியில் கம்மிங் என்று எழுதும் வீடுகளில் பெரும்பாலானவை கம்மிங் நகர எல்லைக்கு வெளியே, ஃபோர்சைத் கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கின்றன. அதற்கு அருகிலேயே இருக்கும் ஜான்ஸ் க்ரீக் 2006 டிசம்பரில் தனி நகரமாகிவிட்டதால், அங்குள்ளவர் ஃபுல்டன் கவுண்டிக்குப் போனால் திருப்பி அனுப்பப்படுவார். கவுண்டியின் இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் எந்த எல்லைக்குள் வருகிறது என்பது தெரிந்துவிடும். சொத்து வரி ரசீதில் நகர வரி என்று தனி வரி இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல குறுக்குவழி. அதே வரைபடத்திலிருந்து மனையை அடையாளப்படுத்தும் பார்சல் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இனி எல்லாப் படிவங்களும் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

பெர்மிட் தேவையில்லாத வேலைகள்

பெரும்பாலான மாநிலங்களின் வீட்டுக் கட்டட விதிகள், இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் இன்டர்நேஷனல் ரெசிடென்ஷியல் கோட் என்ற மாதிரி விதித்தொகுப்பைத் தழுவியவை. ஒவ்வொரு மாநிலமும் ஏதோ ஓர் ஆண்டின் பதிப்பை எடுத்துத் தன் திருத்தங்களைச் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. எந்தப் பதிப்பு நடப்பில் உள்ளது என்பதைக் கவுண்டியின் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி விதியின்படி பெயின்ட் அடித்தல், தரைக்கு டைல் அல்லது கார்ப்பெட் போடுதல், சமையலறை அலமாரிகளையும் மேடைக் கல்லையும் மாற்றுதல் போன்றவற்றுக்கு பெர்மிட் வேண்டாம். வீட்டோடு ஒட்டாத சிறிய ஒற்றைத் தள ஷெட்டுக்கும் விலக்கு உண்டு. அதன் பரப்பு வரம்பு 200 சதுர அடி என்று சில இடங்களிலும் 120 சதுர அடி என்று வேறு சில இடங்களிலும் இருக்கிறது. டெக் விலக்குப் பெற வேண்டுமென்றால் 200 சதுர அடிக்கு மிகாமல், தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயராமல், வீட்டோடு இணைக்கப்படாமல், வீட்டின் பிரதான வெளியேறும் கதவுக்கு வழியாக அமையாமல் இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்பதால், ஃபேமிலி ரூம் கதவைத் திறந்தால் கால் வைக்கும் வழக்கமான டெக்குக்கு விலக்குக் கிடைப்பது அரிது.

கட்டட பெர்மிட்டிலிருந்து விலக்கு என்றால் மனை விதிகளிலிருந்தும் விலக்கு என்று பொருளல்ல. பெர்மிட் வேண்டாத ஷெட்டையும் எல்லைக்கோட்டை ஒட்டி வைத்தால், நிலப் பயன்பாட்டு விதிகளைக் கவனிக்கும் சோனிங் பிரிவிலிருந்து கடிதம் வரும்.

நிலம் என்ன அனுமதிக்கிறது

வீடு வாங்கியபோது குளோசிங் ஆவணங்களோடு வந்த சர்வே வரைபடத்தைத் தேடி எடுப்பதே முதல் வேலை. அதில் மனையின் நான்கு எல்லைகள், எல்லையிலிருந்து வீட்டுக்கு உள்ள தூரம், ஈஸ்மென்ட்டுகள் (மனைக்குள் பிறருக்குப் பயன்பாட்டு உரிமை உள்ள பட்டைகள்) ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். வேலியை எல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலி போட்டவர் எல்லையைச் சரியாக அறிந்திருந்தார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்து, மனையின் சோனிங் வகையைக் கண்டறிந்து, முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகியவற்றில் எல்லையிலிருந்து கட்டாமல் விட வேண்டிய தூரம், அதாவது செட்பேக், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டின் பின்சுவரிலிருந்து பின் எல்லை வரை 38 அடி இருக்கிறது, அந்த சோனில் பின்புற செட்பேக் 25 அடி என்று வைத்துக்கொள்வோம். 14 அடி நீளமாக டெக் வெளியே நீண்டால் மிஞ்சுவது 24 அடி. ஓர் அடி குறைவதால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 12 அடியாக டெக்கைக் குறைத்தால் 26 அடி மிஞ்சும், ஆனால் டெக்கிலிருந்து இறங்கும் படிக்கட்டு பின் எல்லையை நோக்கி நீண்டால் அதையும் கணக்கில் சேர்ப்பார்களா என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறுகிறது. கூரையில்லாத டெக் செட்பேக்குக்குள் சில அடிகள் நீளலாம் என்று சலுகை தரும் கவுண்டிகளும் உண்டு. அதே டெக்குக்கு மேல் கூரை போட்டுவிட்டால் அந்தச் சலுகை போய்விடக்கூடும். பிளான் வரைபவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் சோனிங் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஈஸ்மென்ட் இதைவிடக் கண்டிப்பானது. மின் நிறுவனத்துக்கோ மழைநீர் வடிகாலுக்கோ உரிமை எழுதிக் கொடுக்கப்பட்ட பட்டையின் மீது நிரந்தரக் கட்டுமானம் எதுவும் பொதுவாக வரக் கூடாது. செட்பேக்கைத் தளர்த்தச் சொல்லி, தகுந்த காரணத்துடன் மேல்முறையீட்டு வாரியத்திடம் வேரியன்ஸ் என்ற விதிவிலக்குக் கேட்கலாம். ஈஸ்மென்ட்டை அதன் உரிமையாளர் சம்மதித்தாலன்றித் தளர்த்த இயலாது.

கழிவுநீருக்கு செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் கவுண்டியின் சுகாதாரத் துறை முதலில் கையெழுத்திட வேண்டியிருக்கும். செப்டிக் அமைப்பின் கொள்ளளவு பொதுவாகப் படுக்கையறைகளின் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுவதால், பேஸ்மென்ட்டில் ஒரு படுக்கையறையைச் சேர்க்கும்போது, ஏற்கெனவே உள்ள வடிகால் வயல் (டேங்க்கிலிருந்து வரும் நீர் மண்ணில் இறங்கும் பகுதி) அதைத் தாங்குமா என்ற கேள்வி எழுகிறது. ஸ்டடி ரூம் என்று பெயர் மாற்றி எழுதிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கதவும் அலமாரியும் உள்ள அறையைப் படுக்கையறையாகவே கணக்கிடுவது ஆய்வாளர்களின் வழக்கம் என்பதால் இந்த உத்தி அதிக தூரம் போகாது.

மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா வெளியிடும் வெள்ள வரைபடத்தில் மனை அபாயப் பகுதிக்குள் வந்தால் தனி அனுமதி வேண்டும். அங்கே உள்ள வீட்டைப் புதுப்பிக்கும் செலவு அந்தக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினால், வீடு முழுவதையும் புதிய வெள்ளப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றியாக வேண்டும். இதற்கு வீட்டையே உயர்த்திக் கட்ட வேண்டி வரலாம். ஆகவே வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் பட்ஜெட் போடக் கூடாது.

வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்ஓஏவின் ஒப்புதலும் கவுண்டி பெர்மிட்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஒன்று கிடைத்தது என்பதற்காக மற்றொன்று கிடைக்கும் என்பதில்லை, இரண்டும் வேண்டும். ஹெச்ஓஏ குழுவின் கூட்டம் மாதத்துக்கு ஒன்றே நடக்கும் இடங்களில் அதை முதலில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பிளான்

பெர்மிட் விண்ணப்பத்தின் உயிர் வரைபடங்களில்தான் இருக்கிறது. படிவத்தில் நிரப்பும் பெயர், முகவரி, வேலையின் விவரம், மதிப்பு ஆகியவற்றில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பரிசீலிக்கும் அலுவலர் வீட்டை நேரில் பார்க்க மாட்டார். தாளில் இருப்பதை மட்டுமே பார்ப்பார். வீட்டில் இருந்தும் தாளில் குறிக்காமல் விட்ட எதுவும் அவரைப் பொறுத்தவரை அங்கே இல்லை.

முதல் தாள் சைட் பிளான். சர்வே வரைபடத்தின் நகலின் மீது புதிய கட்டுமானத்தை அளவுகோலின்படி வரைந்து, அதன் நீள அகலங்களையும் ஒவ்வோர் எல்லையிலிருந்தும் உள்ள தூரத்தையும் எழுத வேண்டும். வடக்குத் திசைக் குறி, அளவுகோல், ஈஸ்மென்ட், கிணறு, செப்டிக் டேங்க், வடிகால் வயல், ஏற்கெனவே உள்ள ஷெட் ஆகியவையும் அதில் இருக்க வேண்டும்.

டெக்காக இருந்தால் அடுத்த தாள்களில் ஃபூட்டிங்கின் (தூணின் அடித்தளம்) அளவும் ஆழமும், தூண்களின் அளவு, பீம், ஜாயிஸ்ட்டுகளின் (தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) அளவும் இடைவெளியும், படிக்கட்டு, ரெய்லிங் ஆகியவை வரும். ஃபூட்டிங்கின் அடிப்பகுதி அந்தப் பகுதியின் உறைபனி ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேலிருக்கும் டெக்குக்கு 36 அங்குல உயர ரெய்லிங் வேண்டும். அதன் கம்பிகளுக்கிடையே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது, குழந்தையின் தலை சிக்காமல் இருப்பதற்காகவே இந்த அளவு. படியின் உயரம் ஏழே முக்கால் அங்குலத்துக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 10 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது மாதிரி விதி.

அலுவலர்கள் கூர்ந்து பார்க்கும் இடம் ஒன்று உண்டு: டெக் வீட்டோடு சேரும் லெட்ஜர் பலகை. டெக் இடிந்து விழும் விபத்துகளில் பெரும்பாலும் கழன்றுபோவது இந்த இணைப்புதான். ஆணி அடித்து இதைப் பொருத்த விதி இடம் தராது. எந்த அளவு போல்ட் அல்லது ஸ்க்ரூ, எத்தனை அங்குல இடைவெளியில், எந்த வரிசையில் என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். வீட்டின் வெளிச்சுவரில் அழகுக்காக ஒட்டப்பட்ட செங்கல் அல்லது கல் முகப்பின் மீது லெட்ஜரைத் தாங்க வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட சுவருள்ள வீட்டில், வீட்டை ஒட்டிய பக்கத்திலும் சொந்தத் தூண்கள் மீதே நிற்கும் டெக்காக வரைவது சுலபமான வழி. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் உள்ளிட்ட பல கவுண்டிகள் டெக்குக்கான மாதிரி விவரத் தாள்களை இலவசமாக வெளியிட்டிருக்கின்றன; அளவுகள் அந்தத் தாள்களுக்குள் அடங்குமானால் தனியாக இன்ஜினியரைத் தேட வேண்டியதில்லை.

பேஸ்மென்ட்டுக்கு வரும்போது கேள்விகள் வேறு. கூரையின் உயரம் பொதுவாக 7 அடிக்குக் குறையக் கூடாது. அங்கே படுக்கையறை அமைந்தால், தீ விபத்தின்போது உள்ளிருப்பவர் வெளியேறவும் தீயணைப்பு வீரர் உள்ளே நுழையவும் ஏற்ற ஜன்னல் அல்லது கதவு கட்டாயம்: திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளி 5.7 சதுர அடி, குறைந்தபட்ச உயரம் 24 அங்குலம், அகலம் 20 அங்குலம், ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்குள். தரைமட்டத்தில் திறக்கும் ஜன்னலுக்கு 5 சதுர அடி போதும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 24 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும் மட்டும் கொண்ட ஜன்னலின் பரப்பைப் பெருக்கினால் மூன்றரைச் சதுர அடிகூட வராது. ஆகவே இரண்டு குறைந்தபட்ச அளவுகளையும் எட்டிவிட்டோம் என்று ஜன்னலை ஆர்டர் செய்துவிடக் கூடாது. பிளானில் ஒவ்வோர் அறையின் பயன், புகை மற்றும் கார்பன் மோனாக்சைடு அலாரங்களின் இடம், குளியலறையின் காற்றோட்ட விசிறி, மின் இணைப்புகள், எந்தச் சுவர் பாரம் தாங்குவது என்பவற்றையும் குறிக்க வேண்டும். பாரம் தாங்கும் சுவரை எடுப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற இன்ஜினியரின் முத்திரையுள்ள வரைபடம் பெரும்பாலும் கேட்கப்படும்.

பெர்மிட் யார் பெயரில்?

காண்ட்ராக்டர் வேலை செய்கிறார் என்றால் பெர்மிட்டையும் அவர் பெயரிலேயே எடுக்கச் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக்கு உரிமையாளரே பெர்மிட் எடுக்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. அதற்கு உறுதிமொழிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். அந்தப் பத்திரம் வெறும் சம்பிரதாயமல்ல. அதில் கையெழுத்திட்டவர், சட்டத்தின் பார்வையில், தானே காண்ட்ராக்டர் ஆகிவிடுகிறார். விதிமீறலுக்கும், சில நேரங்களில் வேலையாளுக்கு ஏற்படும் காயத்துக்கும் அவரே பொறுப்பு. ஃபுளோரிடாவில் இந்தச் சலுகையில் கட்டியதை முடித்த ஓராண்டுக்குள் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, விற்பதற்காகவே கட்டியதாகச் சட்டம் கருதும். “நீங்களே பெர்மிட் எடுத்துவிடுங்கள் சார், செலவு குறையும்” என்று காண்ட்ராக்டர் சொன்னால், அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று மாநில உரிம வாரியத்தின் தளத்தில் அன்றைக்கே பார்ப்பது நல்லது. இப்படிக் கேட்பதை மோசடிக் காண்ட்ராக்டரின் அடையாளங்களில் ஒன்றாக மத்திய வர்த்தக ஆணையமே எச்சரிக்கிறது.

மின்சாரம், பிளம்பிங், ஹீட்டிங் வேலைகளுக்குப் பல இடங்களில் தனித்தனி பெர்மிட்டுகள் உண்டு. மின் வேலையை வீட்டுக்காரரே செய்ய விரும்பினால் எழுத்துத் தேர்வு வைக்கும் கவுண்டிகளும் இருக்கின்றன.

விண்ணப்பமும் பரிசீலனையும்

இப்போது பெரும்பாலான கவுண்டிகளில் எல்லாம் இணைய வழியில்தான். கணக்குத் தொடங்கி, பார்சல் எண்ணைக் கொடுத்து, படிவத்தை நிரப்பி, வரைபடங்களைப் பிடிஎஃப் வடிவில் ஏற்ற வேண்டும். கைபேசியில் எடுத்த புகைப்படத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் அளவுகோல் சிதைந்துவிடும். முறையாக ஸ்கேன் செய்ய வேண்டும். வேலையின் விவரத்தை ஒரே வரியில் “பேஸ்மென்ட் வேலை” என்று எழுதாமல், எத்தனை சதுர அடி, எந்தெந்த அறைகள், புதிய குளியலறை உண்டா என்று எழுதினால் சரியான பிரிவுகளுக்கு விண்ணப்பம் போய்ச் சேரும்.

கட்டணத்தைச் சில கவுண்டிகள் வேலையின் மதிப்பை வைத்தும், சில சதுர அடியை வைத்தும் கணக்கிடுகின்றன. மதிப்பைக் குறைத்து எழுதுவதில் லாபம் இல்லை, ஏனெனில் சதுர அடிக்கு இவ்வளவு என்ற தங்கள் அட்டவணையை அவர்களே பயன்படுத்தலாம். பிளான் பரிசீலனைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள்; விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அது பொதுவாகத் திரும்பாது.

பரிசீலனையில் சோனிங், சுகாதாரம், கட்டட விதி எனப் பல பிரிவுகள் பார்க்கும். முதல் சுற்றிலேயே ஒப்புதல் வராமல் குறிப்புகள் வருவது இயல்பானது, அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை. “தாள் 3: லெட்ஜர் இணைப்பு விவரம் காட்டப்படவில்லை”, “சைட் பிளானில் வலப்பக்க எல்லைத் தூரம் இல்லை” என்ற பாணியில் அவை இருக்கும். ஒவ்வொரு குறிப்பின் எண்ணையும் எழுதி, அதற்கு என்ன செய்யப்பட்டது, எந்தத் தாளில் பார்க்கலாம் என்று பதில் கடிதம் தயாரித்து, வரைபடத்தில் மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம்போல் வளையம் வரைந்து, தேதியிட்ட புதிய தொகுப்பாக ஏற்ற வேண்டும். குறிப்பில் கேட்காத இடங்களையும் போகிற போக்கில் மாற்றி அனுப்பினால் அவையும் புதிதாகப் பரிசீலிக்கப்படும். குறிப்பு புரியவில்லை என்றால் அலுவலரைத் தொலைபேசியில் அழைக்கலாம்; வாதிடாமல், எந்த விதிப்பிரிவின்படி கேட்கிறார் என்று கேட்டால் பெரும்பாலோர் பொறுமையாக விளக்குவார்கள். கலிஃபோர்னியாவில் வீட்டு மனையில் கூடுதல் குடியிருப்பு அமைக்கும் முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டமே வரையறுக்கிறது. இங்கே “முழுமையான” என்ற நிபந்தனைதான் முக்கியம். ஒரு தாள் குறைந்தாலும் நாள் கணக்கு தொடங்காது.

பெர்மிட் கையில் வந்த பிறகு

பெர்மிட் அட்டையை வெளியிலிருந்து தெரியும்படி ஒட்டி, ஒப்புதல் முத்திரையுள்ள பிளானை வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். குழி தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால் நிலத்தடி எரிவாயு, மின் தடங்களை இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், கூலிக்கு வேலை செய்யும் காண்ட்ராக்டர் அதற்கான மத்திய அரசின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும்.

ஆய்வுகளில் பொதுவான நெறி, மூடுவதற்கு முன் காட்ட வேண்டும் என்பதே. ஃபூட்டிங் குழியைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பும், ஒயரிங், பிளம்பிங், சட்டகம் ஆகியவற்றை இன்சுலேஷன் வைப்பதற்கு முன்பும், இன்சுலேஷனை டிரைவால் என்ற சுவர்ப்பலகை அடிப்பதற்கு முன்பும் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும். கான்கிரீட் லாரி வந்துவிட்டது என்று அவசரப்பட்டு ஊற்றிவிட்டால், தோண்டிக் காட்டச் சொல்லவோ இன்ஜினியரின் சான்று கேட்கவோ அவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே லாரியை ஆய்வு முடிந்த பிறகே வரச் சொல்ல வேண்டும்.

மாதிரி விதியின்படி பெர்மிட் கிடைத்த 180 நாட்களுக்குள் வேலை தொடங்காவிட்டாலும், தொடங்கிய வேலை 180 நாட்கள் தடைபட்டாலும் பெர்மிட் காலாவதியாகும். அதற்கு முன் எழுத்தில் கேட்டால் நீட்டிப்புக் கிடைக்கும். அடிக்கடி விட்டுப்போவது இறுதி ஆய்வுதான். டெக் கட்டி முடிந்து, விருந்தும் நடந்து, காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையும் கொடுத்த பிறகு இறுதி ஆய்வை யாரும் நினைப்பதில்லை. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் தரப்பு கவுண்டியின் பதிவேட்டைப் பார்த்தால், முடிக்கப்படாத பெர்மிட் அப்படியே அங்கே நிற்கும். கடைசித் தவணையை இறுதி ஆய்வு தேறிய பிறகே தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இதற்கு ஏற்ற வழி.

முந்தைய உரிமையாளர் பெர்மிட் இல்லாமல் கட்டியதை இப்போது முறைப்படுத்த வேண்டுமென்றாலும் நடைமுறை இதுவே; இருப்பதை இருந்தபடி அளந்து பிளான் வரைந்து விண்ணப்பிக்க வேண்டும். பல கவுண்டிகளில் கட்டணம் இரட்டிப்பாகும், உள்ளே மறைந்துள்ள ஒயரிங்கைக் காட்டச் சுவரில் சில இடங்களைத் திறக்கவும் சொல்வார்கள். எந்த ஆண்டின் விதிப்படி அதை மதிப்பிடுவார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் செலவு பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும்.